விஸ்காமா, ஜர்னலிசமா? சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, பத்திரிகையிலோ டிவியிலோ கொஞ்ச காலம் இருந்த எல்லாருக்கும் தெரிந்தவர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். பொண்ணுக்கு மீடியாவில்தான் ஆசை, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்க்கட்டுமா, ஜர்னலிசம் சேர்க்கட்டுமா, எந்தக் காலேஜ் நல்லது, முடித்தால் வேலை கிடைக்குமா என்று நாலு கேள்வியும் சேர்ந்தே வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோ எவ்வளவு பெரியது, கேமரா என்ன மாடல் என்று பார்க்காதீர்கள். மாணவர் எழுதியதை வரி வரியாகப் படித்து, சிவப்புப் பேனாவால் அடித்து, "இதை யார் சொன்னது, இந்தக் கணக்கு எங்கே கிடைத்தது, போய்க் கேட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிற ஆள் அந்தத் துறையில் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் தாராளமாகச் சேரலாம். இல்லாவிட்டால் பொருளாதாரமோ வரலாறோ அரசியல் அறிவியலோ படித்துவிட்டு, அப்புறம் ஒரு வருட இதழியல் பட்டயத்துக்குப் போவது மேல்.

ஏன் திருத்துகிற ஆளை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று புரிய, இந்தத் தொழில் இங்கே எப்படிக் கற்றுத்தரப்பட்டு வந்தது என்று பார்க்க வேண்டும்.

தமிழில் பத்திரிகைத் தொழில் கல்லூரியை நம்பி வளர்ந்தது இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ல் சுதேசமித்திரனைத் தொடங்கியபோது இங்கே இதழியல் படிப்பு என்று ஒன்று கிடையாது. 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதி, அந்த வருடமே சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வேலையில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் தலைவர்களின் பேச்சுகளையும் தமிழ் வாசகருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது. பத்திரிகை உரைநடையும் அன்றாட அரசியலும் அவருக்குப் பழகியது அந்த மேசையில்தான். 1942ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பாரிஸ்டர் படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்பதில் கறாராக இருந்து, அதற்கேற்ற மாதிரி ஆட்களைப் பழக்கினார். அவரவர் எழுதிப் போட்டார்கள், மூத்தவர்கள் அடித்துத் திருத்தினார்கள், மறுநாள் அச்சில் பார்த்து எது மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். பல தலைமுறை நிருபர்களும், செய்தியைத் திருத்தி எழுதும் சப் எடிட்டர்களும் வந்தது இப்படித்தான்.

வகுப்பறைக்கு இதழியல் வந்தது மெதுவாகத்தான். அன்னி பெசன்ட் 1920ல் அடையாற்றில் தன் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு முயற்சி செய்தார், அது நீடிக்கவில்லை. 1941ல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் ஒரு துறையைத் தொடங்கியது. நாடு விடுதலை அடைந்ததை ஒட்டி சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் வந்தது. 1965ல் டெல்லியில் மத்திய அரசின் இதழியல் நிறுவனமான ஐஐஎம்சி வந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு டிகிரி முடித்தவர்களுக்கான படிப்புகள். சரித்திரமோ சட்டமோ படித்துவிட்டு வந்தவருக்கு மேலே தொழிலைச் சொல்லித் தருவது என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

பதினேழு பதினெட்டு வயதில் நேராக மீடியா படிப்பது என்பது தமிழ்நாட்டில் பரவலானது விஷுவல் கம்யூனிகேஷன் வந்த பிறகு. சென்னை லயோலா கல்லூரி இதில் முன்னோடி. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி வந்தது, அடுத்தடுத்து தனியார் சேனல்கள் வந்தன, பிறகு 24 மணி நேரச் செய்தி சேனல்கள். கேமரா பிடிக்க, எடிட் செய்ய, கிராபிக்ஸ் போட, பேனலில் உட்கார ஆள் தேவைப்பட்டது. கல்லூரிகள் ஒன்று மாற்றி ஒன்று விஸ்காம் தொடங்கின. பல உதவிபெறும் கல்லூரிகளிலும் இது சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது, அதனால் பக்கத்து வகுப்பு பி.ஏ. வரலாற்றை விடக் கட்டணம் கூடுதல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பிறப்பு வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், பாடத்திட்டத்தின் சாய்வு இதிலிருந்துதான் வருகிறது. விஸ்காம் முதலாண்டு வகுப்பில் போய்க் கேளுங்கள், பாதிப் பேர் சினிமாவுக்கு வந்தவர்கள். தப்பே இல்லை. ஆனால் செய்தித் துறைக்கு வர ஆசைப்படுகிற பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்து டிராயிங், போட்டோகிராபி, விளம்பரம், குறும்படம் என்று மூன்று வருடம் போனபின், ஒரு மாநகராட்சிக் கூட்டத்தைக் கூடப் பார்க்காமல் வெளியே வருகிறது. பி.ஏ. ஜர்னலிசம் என்ற பெயரில் நடத்தும் கல்லூரிகள் குறைவு; பெரும்பாலும் சென்னை, கோவை மாதிரிப் பெரிய ஊர்களில். எலக்ட்ரானிக் மீடியா, மாஸ் கம்யூனிகேஷன், மல்டிமீடியா என்று மற்ற பெயர்களும் உண்டு. பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் இறக்கிப் பாருங்கள். ரிப்போர்ட்டிங், எடிட்டிங், மீடியா சட்டம் மூன்றும் தனித்தனித் தாளாக இருந்தால் அது செய்திக்கான படிப்பு. மூன்றையும் ஒரே தாளில் சுருட்டி வைத்திருந்தால் அது வேறு வேலைக்கான படிப்பு.

தியரி வீண் இல்லை

மீடியா மாணவர்கள் அதிகம் வெறுப்பது கம்யூனிகேஷன் தியரி தாளைத்தான். ஆங்கில நோட்ஸை மனப்பாடம் செய்து, லாஸ்வெல், ஷானன், மெக்லூஹன் என்று பெயர்களை எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பாடம் நம் தெருவில் நடப்பதை விளக்கும்.

1940ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற கவுன்ட்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வு செய்தார்கள். ரேடியோவும் பத்திரிகையும் மக்களின் ஓட்டை நேரடியாக மாற்றும் என்று பலரும் நம்பிய காலம் அது. போய்ப் பார்த்தால், பல பேர் தங்கள் முடிவுக்குக் காரணமாகச் சொன்னது பத்திரிகையை இல்லை, தங்களுக்குத் தெரிந்த, பத்திரிகை படிக்கிற இன்னொரு மனிதரை. செய்தி இரண்டு கட்டமாகப் போகிறது என்ற கருத்து அங்கிருந்து வந்தது. இதைப் புரியவைக்க ஒஹையோவுக்குப் போக வேண்டியதில்லை. டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாகப் படிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டே கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த காட்சி தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. இன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஃபார்வர்டு செய்வதை மொத்தக் குடும்பமும் நம்புவதும் அதே இரண்டு கட்டம்தான். மூலச் செய்தியை யாரும் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் நம்பினார்கள்.

அடுத்தது மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு. அவர்கள் எந்தப் பிரச்சினைகளை முக்கியம் என்று நினைத்தார்களோ, அந்த வரிசையும் ஊடகங்கள் அந்தப் பிரச்சினைகளுக்குக் கொடுத்த இடத்தின் வரிசையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. நீங்கள் என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று ஊடகம் சொல்லி ஜெயிக்காமல் போகலாம், ஆனால் எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இதைத் தேர்வில் எழுதவைப்பதற்குப் பதில், ஒரு வாரம் மூன்று தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தை மாணவர்களை எண்ணச் சொல்லி, அதே வாரம் பஸ் ஸ்டாண்டில் ஐம்பது பேரிடம் "உங்கள் ஊரில் இப்போது பெரிய பிரச்சினை எது" என்று கேட்டுவரச் சொன்னால், குடிதண்ணீர் என்று சொல்பவர்கள் எத்தனை, முதல் பக்கத்தில் குடிதண்ணீர் எத்தனை தடவை வந்தது என்ற இடைவெளி அவர்கள் கண்ணுக்கே தெரியும். அந்த இடைவெளியில்தான் எழுத வேண்டிய செய்தி இருக்கிறது.

சட்டத்தாள்: நம் ஊர் வழக்குகளே போதும்

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தாளை உயிரைக் கொடுத்துப் படியுங்கள் என்றால் நான் மீடியா சட்டத்தைச் சொல்வேன். நிருபரைக் காப்பாற்றுவதும் சிறைக்கு அனுப்புவதும் அதுதான். அதோடு, இந்தியப் பத்திரிகைச் சுதந்திரத்தின் முக்கியமான வழக்குகள் பல சென்னையில் பிறந்தவை என்பது நம் மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை.

1950ல், அரசியலமைப்பு அமலுக்கு வந்த சில வாரங்களிலேயே, பம்பாயில் அச்சான கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று இங்கிருந்த அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் ஜெயித்தார். கருத்துச் சுதந்திரத்தில் இதழ் மக்களிடம் போய்ச் சேரும் சுதந்திரமும் அடங்கும் என்றது நீதிமன்றம். அதன் எதிரொலியாகத்தான் 1951ல் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, கருத்துச் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடு போட அனுமதிக்கும் 19(2)ஆம் பிரிவில் பொது ஒழுங்கு என்ற காரணமும், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தன. இன்று இணையத்தை முடக்கும்போதும், ஒரு வீடியோவை நீக்கச் சொல்லும்போதும் நடக்கும் வாதங்களில் இந்தச் சொற்கள்தான் உருளுகின்றன.

1987ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஒரு நகைச்சுவைப் படம் வந்ததற்கு, சட்டமன்றம் உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் எழுந்து சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் 1,000 ரூபாய் நஷ்ட ஈடு பெற்றார். தொகை முக்கியமில்லை, கைது தவறு என்று பதிவானதுதான் முக்கியம். 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. சட்டமன்ற உரிமை என்றால் என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடையாது. அதனாலேயே இதை வகுப்பில் விவாதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது 1994 ஆட்டோ சங்கர் வழக்கு. கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. அதில் அதிகாரிகள் பெயர் வரும் என்பதால் சிறைத்துறையிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, தங்களைப் பற்றி அவதூறு வரும் என்று பயந்து வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை. வந்தபிறகு வழக்குப் போடலாம். இரண்டு, ஒருவருடைய வாழ்க்கையில் பொது ஆவணங்களில் பதிவானதை அவர் சம்மதம் இல்லாமலே எழுதலாம், அதைத் தாண்டிப் போனால் அந்தரங்க உரிமையை மீறியதாகும். எதற்கும் ஆவணம் வைத்துக்கொள் என்று மூத்த நிருபர்கள் சொல்வதன் சட்ட அடிப்படை இந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கையும் சொன்னது: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை தரக்கூடிய குற்றம். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயரை மட்டும் எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, அப்பா பார்க்கும் வேலை எல்லாவற்றையும் எழுதுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். ஊரில் அத்தனை பேருக்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பெயர் போடலாம் என்ற எண்ணமும் தப்பு, 2018ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது. முதலாண்டிலேயே இதைச் சொல்லித்தராத கல்லூரி, மாணவர் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பாடத்திட்டத்தில் விழும் ஓட்டை

ஒளிப்பதிவு, எடிட்டிங் மென்பொருள், லைட்டிங் எல்லாம் அவசியம்தான், ஆனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் பழகிய சாஃப்ட்வேர் வேலைக்குப் போவதற்குள் மாறியிருக்கும், புதியதை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

பழக வருடக்கணக்காகும் விஷயம் தமிழில் எழுதுவது. இங்கேதான் பெரிய ஓட்டை. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேலையோ தமிழில். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை தியரியை ஆங்கிலத்தில் விழுங்கத் திணறுகிறது. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழில் நாலு பத்தி பிழையில்லாமல் வருவதில்லை. தமிழ் நாளிதழிலோ சேனலிலோ சப் எடிட்டர் வேலைக்குப் போனால் முதலில் வைக்கும் டெஸ்ட் அநேகமாக இதுதான்: பிடிஐ மாதிரி செய்தி ஏஜென்சி அனுப்பிய ஆங்கிலச் செய்தி ஒன்றைக் கொடுத்து, அரை மணியில் தமிழில் எழுதச் சொல்வார்கள். பாரதி 1904ல் பார்த்த அதே வேலை. மெஷின் டிரான்ஸ்லேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது தரும் வரைவில் எந்தச் சொல் தப்பு, எந்த வாக்கியம் பொருள் மாறிவிட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு மொழியும் தெரிந்த ஆள்தான் வேண்டும், முன்பைவிட இப்போது கூடுதலாக வேண்டும். அப்புறம், தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையை முதல் செமஸ்டரிலேயே பழகிவிடுங்கள். எத்தனையோ பேர் மூன்றாம் வருடம் வரை போனில் தங்கிலீஷில் தட்டிக்கொண்டே இருந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஓட்டை, ஆவணம் படிக்கத் தெரியாதது. 2016ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, பாலியல் குற்றம் மாதிரியான சில வழக்குகள் நீங்கலாக, எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு அரசின் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது, தமிழிலேயே, இலவசமாக. அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகள், அரசாணைகள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம். கிடைக்காததற்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்; தராவிட்டால் மேல்முறையீடு. சிஏஜி அறிக்கையில் நம் மாவட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி நிச்சயம். இதை ஒரு அசைன்மென்டாக வைக்கும் துறைகள் சில இருக்கின்றன, அவற்றின் மாணவர்கள் தனியாகத் தெரிவார்கள்.

டெஸ்க் சுருங்கியதும் கல்லூரியின் பொறுப்பும்

முன்பெல்லாம் தாலுகா நிருபர் அனுப்பிய செய்தி மாவட்ட அலுவலகம் போய், அங்கிருந்து செய்தியைத் திருத்தும் பிரிவான டெஸ்க் போய், சப் எடிட்டர் கையில் ரீரைட் ஆகி, சீஃப் சப் பார்த்து, பிறகுதான் பக்கத்துக்குப் போகும். நாலு கை மாறும். ஒவ்வொரு கையிலும் ஒரு கேள்வி வரும், வேலைக்கு வந்த புதுப்பையன் அந்தக் கேள்விகளில்தான் தொழிலைக் கற்றான். வெப் டெஸ்க்கில் இப்போது பல இடங்களில் எழுதுகிறவரே தலைப்பு வைத்து, படம் போட்டு, தானே பப்ளிஷ் பட்டனையும் அழுத்துகிறார். ஒரு ஷிஃப்டில் இத்தனை செய்தி என்று கணக்கு உண்டு, அதைத் திருத்த நேரம் ஒதுக்கியிருப்பதில்லை. 2020 கொரோனா காலத்தில் பக்கங்களும் ஆட்களும் குறைந்தபோது, முதலில் வெளியே போனவர்களில் அனுபவமுள்ள டெஸ்க் ஆட்கள் நிறைய. யூடியூப் சேனல்களில் டெஸ்க் என்ற ஏற்பாடே பெரும்பாலும் கிடையாது.

2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பார்த்தால் சில வேறு மாநிலத்தில் நடந்தவை, சில வேறு சண்டைகள். அதற்குள் வட இந்தியாவில் சில ஊடகங்களே செய்தியாகப் போட்டுவிட்டன. திருப்பூர் போன்ற ஊர்களில் தொழிலாளர்கள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினார்கள். வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துத் தேடியிருந்தாலோ, உள்ளூர் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தாலோ பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கும் ஆள் செய்தி அறையில் இல்லை.

அதனால்தான் ஒருவர் எழுத்தை இன்னொருவர் கூடவே உட்கார்ந்து திருத்துவது என்பது இனி பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கல்லூரியில் கிடைத்தால் உண்டு என்கிறேன். அட்மிஷனுக்குப் போகும்போது மாணவர்கள் தயாரிக்கும் பயிற்சி இதழான லேப் ஜர்னலின் கடைசி மூன்று இதழைக் கேளுங்கள். கல்லூரி விழாவும் முதல்வர் பேச்சும் மட்டுமே இருந்தால் அங்கே யாரும் வெளியே போகவில்லை என்று அர்த்தம். பாடம் எடுப்பவர்களில் யாராவது செய்தி அறையில் வேலை பார்த்தவர்களா என்று கேளுங்கள். பேராசிரியர் வேலைக்கு நெட் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும் என்பதால், இருபது வருடம் நிருபராக இருந்தவருக்கு நிரந்தர இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் நல்ல துறைகள் அவரைக் கௌரவ விரிவுரையாளராகவாவது கூப்பிடுகின்றன. இன்டர்ன்ஷிப் போன சீனியரிடம் சான்றிதழைக் காட்டச் சொல்லாதீர்கள், அச்சில் வந்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்காக இன்னொரு கேள்வியும் உண்டு, அதைப் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள். விடுதி எத்தனை மணிக்குக் கதவு அடைக்கிறது? ஆறு மணிக்கு அடைத்தால் மாலைப் பொதுக்கூட்டம், இரவு விபத்து, ஆஸ்பத்திரி, தேர்தல் பிரசாரம் எதையும் அந்தப் பெண் பார்க்கவே முடியாது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் பார்த்துவிட்டு வருவான். மாவட்ட அளவில் பெண் நிருபர்கள் இன்னும் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் பல, அதில் ஒன்று இந்தக் கதவு. மாணவிகள் ஆசிரியரோடு சேர்ந்து இரவில் செய்தி சேகரிக்க அனுமதி ஏற்பாடு செய்திருக்கும் கல்லூரி என்றால் அதற்குத் தனி மதிப்பு கொடுங்கள்.

டிகிரி இல்லாமலும் வரலாம்

மீடியா டிகிரி இல்லாதவருக்குச் செய்தி அறையில் தடை எதுவும் இல்லை. கிராமப்புறச் செய்திகளுக்குப் பேர்போன பத்திரிகையாளர் பி. சாய்நாத் படித்தது வரலாறு, லயோலாவிலும் ஜேஎன்யூவிலும். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் 1980களிலிருந்து எந்த டிகிரி படிப்பவரையும் தேர்ந்தெடுத்து, படித்துக்கொண்டே நிருபராக வேலை பார்க்கவிட்டது. இன்று தமிழ் ஊடகத்திலும் சினிமாவிலும் தெரிந்த பல பேர் அந்த வழியாக வந்தவர்கள், அதில் இன்ஜினீயரிங், விவசாயம் படித்தவர்களும் உண்டு. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் நடத்தும் முதுநிலைப் பட்டயம், டெல்லி ஐஐஎம்சி, பல்கலைக்கழக எம்.ஏ. எதற்கும் இளநிலையில் இதழியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தமிழ்நாடு அரசும் 2025ல் சென்னையில் ஓர் இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறது, அதுவும் பட்டம் முடித்தவர்களுக்கான ஒரு வருடப் படிப்புதான். பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்த பொருளாதார மாணவரும், மண்ணையும் பயிரையும் தெரிந்த வேளாண் மாணவரும் செய்தி அறைக்கு வந்தால் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு பீட், அதாவது தொடர்ந்து செய்தி எடுக்க ஒரு தனித் துறை, இருக்கிறது. விஸ்காம் முடித்தவர் அந்த விஷய ஞானத்தைத் தானாகத்தான் சேர்க்க வேண்டும். மருத்துவம், நீதிமன்றம், விவசாயம், உள்ளாட்சி என்று ஏதாவது ஒன்றை இரண்டாம் வருடத்திலேயே பிடித்துக்கொண்டு விடாமல் படித்தால் சேர்ந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டிரெய்னி சம்பளம் குறைவு, அதுவும் சென்னை வாடகைக்குப் பற்றாது. மாவட்டங்களில் நிறைய பேர் ஸ்ட்ரிங்கர்களாக இருக்கிறார்கள், வந்த செய்திக்கு மட்டும் காசு, வராவிட்டால் பெட்ரோல் செலவும் கையை விட்டு. பிரஸ் மீட்டில் நீட்டப்படும் கவரை வாங்கலாமா என்ற கேள்வி அந்த வறுமையில்தான் வருகிறது. வாங்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் சம்பளம் கொடுக்காமல் அடையாள அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பும் நிர்வாகங்களைப் பற்றியும் அதே எதிக்ஸ் வகுப்பில் பேச வேண்டும். செய்தி வேலை பிடிக்காமல் போனால் விளம்பர நிறுவனம், தொண்டு நிறுவனங்களின் தகவல் பிரிவு, மக்கள் தொடர்பு, அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை என்று வேறு வழிகளும் இந்தப் படிப்புக்கு உண்டு.

ஏற்கெனவே சேர்ந்தாயிற்று, திருத்தித்தர யாரும் இல்லை என்கிற மாணவர்களுக்கு: நாலு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் ஊரின் ஒரு வார்டு, ஒரு அரசு ஆஸ்பத்திரி, ஒரு ரேஷன் கடை, ஒரு ஏரி என்று ஆளுக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு செய்தி எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்ற மூன்று பேரும் பேனாவோடு படியுங்கள், ஆதாரம் இல்லாத வரியை இரக்கமில்லாமல் அடியுங்கள். மாதம் ஒரு தடவை, ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு மூத்த நிருபரிடம் நாலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேலைச் சுமையில் முதல் தடவை தட்டிக்கழித்தாலும் இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்துவிடுவார்கள், அந்தத் தலைமுறை அப்படித்தான் பழகியது. பத்துச் செய்தி தேறியதும் உள்ளூர் எடிஷனுக்கு அனுப்பத் தொடங்குங்கள்.